எஸ்எஸ்டி வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம்

2025 ஆகஸ்டில் விண்டோஸ் 11-க்கு வந்த ஓர் அப்டேட் கணினியில் தரவைச் சேமிக்கும் டிரைவ்களான எஸ்எஸ்டிகளைக் கெடுக்கிறது என்ற செய்தி சில நாள்களில் உலகம் முழுக்கப் பரவியது. பெரிய கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் காணாமல் போய்விடுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். எஸ்எஸ்டிகளுக்கான கன்ட்ரோலர் சிப் தயாரிக்கும் ஃபைசன் நிறுவனம், 4,500 மணி நேரத்துக்கும் மேல் சோதித்தும் அந்தக் கோளாறு தங்களிடம் வரவில்லை என்றது. மைக்ரோசாஃப்ட்டும் தன் அப்டேட்டுக்கும் அந்தப் பழுதுகளுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று அறிவித்தது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் விலை ஏறத் தொடங்கியது. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக வாங்கிக் குவிக்க, வீட்டுக் கணினிக்கான டிரைவ்களின் விலையும் அதோடு சேர்ந்து உயர்ந்தது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயனாளர்களுக்கு விற்றுவந்த ‘குருஷியல்’ வணிகத்தையே கைவிடுவதாகச் சொல்லிவிட்டது.

கையில் இருக்கும் குறைந்த பணத்துக்கு நம்பி வாங்கக்கூடிய எஸ்எஸ்டி எது என்ற கேள்வி இப்போது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகம் இதற்குப் பதில் சொல்லாது. வீட்டுக் கணினியில் ஓர் எஸ்எஸ்டி தேய்ந்து சாவது அரிது. அது பழுதாவது பெரும்பாலும் வேறு காரணங்களால்தான். அந்தக் காரணங்கள் புரிந்தால், எந்த அம்சத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், எதைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்பது தெளிவாகும்.

எஸ்எஸ்டிக்குள் இருப்பவை

1. ஃபிளாஷ் சிப்புகள். தரவு தங்கும் இடம் இதுதான். நாண்ட் ஃபிளாஷ் எனப்படும் இந்த வகை மெமரி, 1980களில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்சாரம் போனாலும் அது அப்படியே இருக்கும்.

2. கன்ட்ரோலர். எந்தத் தரவு எந்தச் செல்லில் இருக்கிறது என்று கணக்கு வைப்பதும், பிழைகளைத் திருத்துவதும், எல்லாச் செல்களும் சமமாகத் தேயும்படி எழுதும் வேலையைப் பங்கிடுவதும் இதன் பொறுப்பு.

3. ஃபர்ம்வேர். கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருள். நம்பகத்தன்மையில் பாதி இதன் தரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

4. டிராம். எல்லா எஸ்எஸ்டியிலும் இருக்காது. தரவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள உதவும் வேகமான மெமரி. வழக்கமாக 1 டிபி (டெராபைட்) கொள்ளளவுக்கு 1 ஜிபி டிராம்.

ஃபிளாஷுக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. எழுதுவது பேஜ் என்னும் சிறிய அலகில். அழிப்பதோ பல பேஜ்கள் சேர்ந்த பிளாக் அளவில் மட்டுமே. ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால்கூட, கன்ட்ரோலர் புதிய பேஜில் எழுதிவிட்டுப் பழையதைச் செல்லாதது என்று குறித்துவைக்கும். பிறகு ஓய்வு நேரத்தில், செல்லாத பேஜ்கள் நிறைந்த பிளாக்கில் மிச்சமிருக்கும் நல்ல தரவை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்தப் பிளாக்கை அழிக்கும். இதனால் நாம் எழுதச் சொன்னதைவிட அதிகமாக ஃபிளாஷில் எழுதப்படுகிறது. டிரைவை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் அது மெதுவாவதும், வேகமாகத் தேய்வதும் இதனால்தான். கன்ட்ரோலருக்குப் புழங்க இடம் வேண்டும்.

ஒரு செல்லில் எத்தனை பிட்

ஒரு செல்லில் 1 பிட் வைத்தால் எஸ்எல்சி, 2 வைத்தால் எம்எல்சி, 3 என்றால் டிஎல்சி, 4 என்றால் க்யூஎல்சி. 3 பிட் வைக்க 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். 4 பிட் வைக்க 16. அதே அளவுள்ள செல்லுக்குள் நிலைகள் நெருங்க நெருங்க, எழுத நேரம் கூடும், சிறிய கசிவுகூடப் பிழையாக மாறும், செல் தாங்கும் அழி-எழுது சுற்றுகளும் குறையும். அதே சிப்பில் அதிகத் தரவு அடங்குவதால் விலையும் குறையும். எம்எல்சி வீட்டு டிரைவ்களிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. எனவே இன்றைய போட்டி டிஎல்சிக்கும் க்யூஎல்சிக்கும் இடையில்தான்.

வித்தியாசத்தை ஒரே நிறுவனத்தின் இரண்டு சாட்டா (பழைய இணைப்பு வகை) டிரைவ்களில் பார்க்கலாம். சாம்சங் 870 ஈவோ டிஎல்சி; அதன் 1 டிபி மாடலில் 600 டெராபைட் எழுதும்வரை, அல்லது 5 ஆண்டு வரை வாரண்டி. 870 க்யூவிஓ க்யூஎல்சி. அதே 1 டிபிக்கு 360 டெராபைட், 3 ஆண்டு. இரண்டும் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றே.

அது எப்படி ஒன்றாக இருக்க முடியும்? இன்றைய மலிவு டிரைவ்கள் எல்லாமே, காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் செல்லாக நடத்தி, அதில் வேகமாக எழுதிக்கொள்கின்றன. இதற்கு எஸ்எல்சி கேஷ் என்று பெயர். பெட்டியில் இருக்கும் எழுதும் வேகம் இந்தக் கேஷின் வேகம். அது நிரம்பியதும் உண்மை வேகம் வெளியே வரும். மேலே சொன்ன 1 டிபி க்யூவிஓவில் அது விநாடிக்கு 80 எம்பி என்று சாம்சங்கே தன் விவரக்குறிப்பில் கொடுத்திருக்கிறது. நல்ல ஹார்ட் டிஸ்க் இதைவிட வேகமாக எழுதும். தினசரி இணையம், அலுவலக வேலை, படம் பார்ப்பது என்று இருப்பவர் இந்தச் சரிவை அநேகமாகச் சந்திக்கவே மாட்டார். நூறு ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் நகலெடுப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

தேய்மானம்: பயத்தில் எவ்வளவு நியாயம்

எத்தனை டெராபைட் வரை எழுதலாம் என்ற உறுதிமொழி எண்ணை டிபிடபிள்யூ என்பார்கள். இதைப் பார்த்துப் பயப்படும்முன் ஒரு சிறிய கணக்கு போட்டுப் பாருங்கள்.

1. வீட்டுக் கணினி ஒன்று நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதுகிறது என்று வையுங்கள். உலாவியின் கேஷ், அப்டேட்கள், கோப்புகள் எல்லாம் சேர்த்து இது தாராளமான மதிப்பீடு.

2. ஆண்டுக்கு அது 7.3 டெராபைட்.

3. மிகவும் மலிவான டிரைவ்களில் ஒன்றான கிங்ஸ்டன் ஏ400-இன் 480 ஜிபி மாடலுக்கு டிபிடபிள்யூ 160. அதை எட்ட ஏறத்தாழ 22 ஆண்டு ஆகும்.

4. அந்த எண்ணை எட்டியதும் டிரைவ் நின்றுவிடாது. அது வாரண்டியின் எல்லை மட்டுமே.

நான்காவது புள்ளிக்குச் சான்று உண்டு. 2013 முதல் 2015 வரை டெக் ரிப்போர்ட் இணையத்தளம், சந்தையில் கிடைத்த ஆறு வீட்டு எஸ்எஸ்டிகளை இடைவிடாமல் எழுதியே சாகடித்தது. எல்லாம் கால் டிபி அளவுள்ளவை. முதல் டிரைவ் விழுவதற்கே நூற்றுக்கணக்கான டெராபைட் தேவைப்பட்டது; கடைசியாக நின்றது 2,000 டெராபைட்டையும் தாண்டியது. அவை பெரும்பாலும் எம்எல்சி காலத்து டிரைவ்கள் என்பதால் அந்த எண்களை இன்றைய க்யூஎல்சிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் உறுதிமொழிக்கும் உண்மையான சாவுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனியுங்கள். ராம் போதாத கணினி, மெமரியில் இடமில்லாததை ஓயாமல் எஸ்எஸ்டியில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கும். 4 ஜிபி ராமோடு இருபது டேப் திறந்துவைப்பவரின் டிரைவ் நாளுக்கு 20 ஜிபியைப் பலமடங்கு தாண்டக்கூடும். அவருக்கு உயர்ந்த டிபிடபிள்யூ டிரைவைவிட இன்னொரு ராம் துண்டு அதிகப் பயன் தரும்.

பெட்டியில் அடிக்கடி காணப்படும் இன்னோர் எண்ணும் ஏமாற்றும். சராசரிப் பழுது இடைவெளி 15 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். 15 லட்சம் மணி என்பது 171 ஆண்டு; எந்த டிரைவும் அவ்வளவு காலம் ஓடாது. ஆயிரம் டிரைவ்களை ஓர் ஆண்டு ஓட்டினால் ஆறு பழுதாகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆயிரக்கணக்கான டிரைவ்களை ஓட்டி விவரம் வெளியிட்டுவரும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் அறிக்கைகளில், அதன் சர்வர்களில் இயங்குதளத்தைத் தொடங்கும் பூட் டிரைவாக இருக்கும் எஸ்எஸ்டிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் பழுதாகியிருக்கின்றன. நூறில் ஒன்று சிறிய எண்தான். ஆனால் அந்த ஒன்று யார் வீட்டில் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

அப்படியானால் எதனால் போகிறது

முதல் குற்றவாளி ஃபர்ம்வேர். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: குறிப்பிட்ட சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளிருக்கும் தரவை மீட்க முடியாது. 32,768 என்பது இரண்டின் 15-ஆம் அடுக்கு. மணிநேரக் கணக்கு வைக்கும் எண் நிரம்பி வழிந்துவிட, டிரைவே முடங்கிப்போகும் நிலை. ஃபிளாஷ் நன்றாகவே இருந்தது. இதே போல 2014-இல் சாம்சங் 840 ஈவோவில், பல மாதம் தொடாமல் இருந்த கோப்புகளைப் படிக்கும் வேகம் படுமோசமாகச் சரிந்தது. 2023 தொடக்கத்தில் 980 ப்ரோ டிரைவ்கள் சில எழுத முடியாத நிலைக்குப் பூட்டிக்கொண்டன. 990 ப்ரோவின் மிச்ச ஆயுளைக் காட்டும் ஆரோக்கிய எண் அசாதாரண வேகத்தில் இறங்கியது. இந்த இரண்டு ப்ரோ டிரைவ்களும் மலிவு மாடல்கள் அல்ல, அந்த நிறுவனத்தின் உச்ச வரிசை. ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்ட ஃபர்ம்வேர் வந்தது.

நான் முக்கியமாக நினைப்பது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். பிழையே செய்யாத நிறுவனம் இல்லை. பிழை தெரிந்தபின் ஃபர்ம்வேர் வெளியிடும் நிறுவனம் உண்டு, வெளியிடாத நிறுவனம் உண்டு. பெயரே கேள்விப்படாத மலிவு டிரைவை வாங்கும்போது நாம் விட்டுக்கொடுப்பது வேகத்தை அல்ல, இந்தப் பொறுப்பை. நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்கள் மாடலுக்கான ஃபர்ம்வேர் பக்கம் இருக்கிறதா என்று வாங்கும்முன் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அடுத்தது மின்சாரம். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால், முகவரி அட்டவணை பாதியில் நிற்கக்கூடும். சர்வர் எஸ்எஸ்டிகளில் அந்தச் சில நொடிகளைத் தாங்க மின்தேக்கிகள் இருக்கும். வீட்டு டிரைவ்களில் அநேகமாக இருக்காது. மின்வெட்டு வழக்கமான இடத்தில் மேசைக் கணினி வைத்திருப்பவருக்கு ஒரு சிறிய யூபிஎஸ், விலை கூடிய எஸ்எஸ்டியைவிட நல்ல செலவு.

வெப்பமும் உண்டு, ஆனால் அதைப் பற்றிய கவலை மிகைப்படுத்தப்பட்டது. அதிகமாகச் சூடானால் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விநாடிக்கு 14,000 எம்பி வரை போகும் ஐந்தாம் தலைமுறை டிரைவ்களுக்குத்தான் வெப்பத்தை வெளியேற்றும் கனமான ஹீட்சிங்க் தேவை; பட்ஜெட்டில் வாங்குபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சாட்டாவா, என்விஎம்இயா

எஸ்எஸ்டி கணினியோடு இணையும் இரண்டு வழிகள் இவை. முதலில் கணினி எதை ஏற்கும் என்று பாருங்கள். சாட்டா டிரைவ் இரண்டரை அங்குலப் பெட்டியாக வரும். விநாடிக்கு 550 எம்பி அதன் உச்சம். என்விஎம்இ டிரைவ் எம்.2 எனும் மெல்லிய பலகையாக வரும். மூன்றாம் தலைமுறையில் 3,500 எம்பி, நான்காம் தலைமுறையில் 7,000 எம்பி வரை. குழப்பம் எங்கே என்றால், எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. எம்.2 வடிவிலேயே சாட்டா டிரைவும் உண்டு. எம்.2 பொருத்துமிடம் இருக்கிறது என்பதால் மட்டும் அது என்விஎம்இயை ஏற்கும் என்று சொல்லிவிட முடியாது. மதர்போர்டின் கையேட்டில் அந்த இடத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் பழைய பல மதர்போர்டுகள் என்விஎம்இயிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்கவே தொடங்காது.

ஏழாயிரம் எம்பி என்பது ஐந்நூற்று ஐம்பதைவிடப் பதின்மூன்று மடங்கு வேகமாகத் தோன்றும். கணினியைத் திறக்கும்போதும் செயலியைத் தொடங்கும்போதும் நடப்பது வேறு: ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிப்பது. அந்த வேலையில் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 1 எம்பி அளவில் திணறும். சாட்டா எஸ்எஸ்டி முப்பது நாற்பது எம்பி தரும். நல்ல என்விஎம்இ ஐம்பது முதல் எண்பது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் கணினி புதிதாக மாறியது போலிருக்கும். மூன்றாம் தலைமுறையிலிருந்து நான்காவதுக்கு மாறினால் பெரும்பாலோருக்கு வேறுபாடே தெரியாது.

டிராம் இல்லாத டிரைவ் வாங்கலாமா என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. 2014-இல் வந்த என்விஎம்இ 1.2 தரநிலை, கணினியின் ராமிலிருந்தே சிறிது இடத்தை டிரைவ் கடன் வாங்கிக்கொள்ள வழி செய்தது. இதை எச்எம்பி என்பார்கள். வழக்கமாகச் சில பத்து எம்பிதான். வீட்டு வேலைக்கு அது போதும். ஆகவே டிராம் இல்லாத என்விஎம்இ டிரைவைத் தயங்காமல் வாங்கலாம். சாட்டாவில் இந்த வசதி கிடையாது. டிராம் இல்லாத சாட்டா டிரைவ் தன் அட்டவணைக்காக ஒவ்வொரு முறையும் ஃபிளாஷையே தேடிப் போக வேண்டும். நிரம்ப நிரம்ப அது தடுமாறும். பழைய கணினிக்குச் சாட்டா வாங்குபவர் கொஞ்சம் கூடக் கொடுத்து டிராம் உள்ளதை எடுப்பது நியாயம்.

ஒரே பெயர், மாறிய உள்ளுறுப்பு

பழைய விமர்சனத்தைப் படித்து டிரைவ் வாங்குவதில் ஓர் ஆபத்து உண்டு. 2021-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் எஸ்என்550 மாடலில் பெயரை மாற்றாமல் ஃபிளாஷை மாற்றியது தெரியவந்தது. கேஷ் நிரம்பியபின் எழுதும் வேகம் முன்பைவிடக் குறைந்திருந்தது. விவரக்குறிப்பைப் பாதிக்கும் மாற்றம் என்றால் இனி புதிய மாடல் எண் தருவோம் என்று நிறுவனம் பிறகு சொன்னது. அதே ஆண்டில் குருஷியல் பி2, டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு நகர்ந்தது வெளிவந்தது. கிங்ஸ்டன் என்வி2 போன்ற மாடல்களில் எந்த ஃபிளாஷ் என்ற உறுதியையே நிறுவனம் தருவதில்லை. இது வாங்குபவரை மதிக்கும் வணிகமல்ல. விமர்சனத்துக்கு ஒரு சரக்கு, கடைக்கு இன்னொரு சரக்கு என்பதை எந்த விலைக் காரணமும் நியாயப்படுத்தாது.

இதற்கு ஓரளவு பாதுகாப்பு: ஃபிளாஷ் வகையைத் தன் விவரத்தாளில் எழுத்தில் கொடுத்திருக்கும் மாடலையே தேர்ந்தெடுப்பது. டிஎல்சி என்று எழுதியிருந்தால் அது டிஎல்சி. எதுவுமே எழுதவில்லை என்றால் க்யூஎல்சி என்று எண்ணிக்கொண்டு, அந்த விலைக்குத் தகுமா என்று பாருங்கள்.

தேர்ந்தெடுக்கும் வரிசை

1. கணினி சாட்டாவா, என்விஎம்இயா என்று உறுதிசெய்யுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2. இப்போது பயன்படும் இடத்தைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு. பெரிய டிரைவில் ஃபிளாஷ் சிப்புகள் கூடுதல் என்பதால் வேகமும் டிபிடபிள்யூவும் சேர்ந்தே உயரும். வேகமான 500 ஜிபியா, சாதாரண 1 டிபியா என்ற நிலை வந்தால் இரண்டாவதை எடுங்கள்.

3. 5 ஆண்டு வாரண்டி உள்ள டிஎல்சி. 1 டிபிக்கு டிபிடபிள்யூ 600 என்றால் நல்லது. கணக்குப்படி அவ்வளவு தேவையில்லை. ஆனால் உயர்ந்த எண் தரும் நிறுவனம் உள்ளே மலிவு ஃபிளாஷ் போடுவது கடினம். அதற்காகவே அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

4. ஃபிளாஷைத் தாமே தயாரிக்கும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியோக்சியா, சான்டிஸ்க் போன்றவற்றின் நடுத்தர வரிசை, அல்லது ஃபர்ம்வேர் அப்டேட் தரும் பழக்கமுள்ள வேறு நிறுவனம்.

5. க்யூஎல்சி கட்டாயம் விலக்க வேண்டியதல்ல. படங்களும் விளையாட்டுகளும் மட்டும் வைக்கும் இரண்டாவது டிரைவுக்கு அது பொருத்தமே.

நம்ப முடியாத மலிவில் 8 டிபி, 16 டிபி என்று விற்கும் கையடக்க டிரைவ்கள் போலி. உள்ளே சிறிய மெமரி கார்டை வைத்து, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும் புதிய கோப்புகள் சத்தமில்லாமல் அழியும்.

வாங்கியபின்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு சோதனைகள் போதும். எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் டிரைவ் முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கொள்ளளவு மாட்டிக்கொள்ளும். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் டிரைவ் தன்னைப் பற்றிப் பதிவுசெய்துவரும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து, ஓடிய மணி நேரமும் எழுதிய அளவும் புதிய டிரைவுக்குரியவையா என்று பாருங்கள். புதிது என்று விற்ற டிரைவில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பதிவாகியிருந்தால் அது பழைய சரக்கு. பின்னாளில் மீடியா பிழை எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் அன்றே தரவை வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஆனால் கன்ட்ரோலர் போகும்போது எந்த எண்ணும் முன்னறிவிப்பு தராது. காலையில் பயாஸில் (இயங்குதளம் தொடங்கும்முன் வரும் அமைப்புத் திரை) டிரைவின் பெயரே இருக்காது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கைப் போல ஆய்வகத்தில் கொடுத்து மீட்பதும் எஸ்எஸ்டியில் அரிது. தரவு பல சிப்புகளில் சிதறி, பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்பட்டு இருக்கும். தவறி அழித்த கோப்புகளையும், அந்த இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை சில நொடிகளில் துடைத்துவிடும். வாரண்டியில் புதிய டிரைவ் வரும், புகைப்படங்கள் வராது. அதனால் பட்ஜெட்டில் பேக்கப்புக்கான பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியில் எஸ்எஸ்டி தேடுவதே சரியான வரிசை.

அந்தப் பங்கு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யூஎஸ்பி உறை போதும். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் வைக்கும் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க் எஸ்எஸ்டியைவிடப் பொருத்தமானதும்கூட. மெமரி துறைக்கான தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி, எழுதும் வரம்பு முழுவதும் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓர் ஆண்டு தரவைக் காத்தால் போதுமானது; வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும். புதிய டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் எஸ்எஸ்டியிலேயே பேக்கப் வைத்திருப்பவர் சில மாதங்களுக்கு ஒருமுறை அதைக் கணினியில் செருகி, கோப்புகள் முழுமையாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவைக்க வேண்டும்.